அடிக்கடி அறுந்துபோகும் வீட்டு இணையம்: ரௌட்டரை எந்த வரிசையில் பரிசோதிக்க வேண்டும்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் யாருக்காவது இணையம் அறுந்தால் என் வீட்டு மணி ஒலிக்கும். போகிற வீடுகளில் பெரும்பாலும் ஒரே காட்சிதான். நான் போவதற்குள் ரௌட்டரை நாலைந்து தடவை அணைத்துப் போட்டிருப்பார்கள், வயர்களை எல்லாம் கழற்றி இடம்மாற்றிச் செருகியிருப்பார்கள், பின்புறத் துளைக்குள் ஊசியை விட்டு அழுத்தியும் பார்த்திருப்பார்கள். அதன்பின் கோளாறு எங்கே இருந்தது என்பதற்கான தடயம் எதுவும் மிஞ்சியிருக்காது.

நான் பார்த்தவரையில் "ரௌட்டர் பழுது" என்று சொல்லப்படுபவற்றில் அதிகமானவை ரௌட்டருக்கு வெளியில்தான் இருக்கின்றன. அதற்கு மின்சாரம் தருகிற அடப்டரில், சுவரோரமாக வருகிற கேபிளில், பக்கத்து வீடுகளின் வைஃபை நெரிசலில். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் ஒரு சந்தேகத்தை நீக்கிவிட்டு அடுத்ததற்குப் போகிறது.

1. தொடங்குமுன் எடுத்துவைக்க வேண்டியவை

ஒரு பழைய கொப்பியும் பேனையும். இதுதான் முதல் கருவி.

ஒரு மடிக்கணினி. அதை ரௌட்டருடன் வயரால் பொருத்த, ஒன்றிரண்டு மீற்றர் நீளமான லேன் கேபிள் ஒன்று. மடிக்கணினியில் லேன் துளை இல்லாவிட்டால் யூஎஸ்பி-யில் செருகும் லேன் மாற்றி ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கணினிக் கடைகள் நிறைய உண்டு, அங்கே வாங்கவும் செய்யலாம். வைஃபை வழியாக மட்டும் சோதித்தால் குற்றம் வைஃபையிலா, வெளி இணைப்பிலா என்று கடைசிவரை தெரியாது. அதனால்தான் இந்தக் கேபிள் கட்டாயம் வேண்டும் என்கிறேன்.

ரௌட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒட்டியிருக்கும் சிறு தாளைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். உள்நுழையும் முகவரி, பெயர், கடவுச்சொல், வைஃபையின் ஆரம்பப் பெயர் எல்லாம் அதில்தான் இருக்கும். முகவரி பெரும்பாலும் 192.168.1.1 ஆகவோ 192.168.0.1 ஆகவோ இருக்கும். சில 4ஜி ரௌட்டர்களில் 192.168.8.1. எந்த வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பின் நினைவில் இருக்கும் என்று நம்பியவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

உங்கள் இணைப்பின் கணக்கு எண்ணும் கடைசிப் பட்டியலும் கையில் இருக்கட்டும். கட்டணம் நிலுவையா, மாதத்துக்கான டேட்டா அளவு முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். இங்கே பல இணையப் பொதிகளில் அளவு முடிந்ததும் இணைப்பு அறுவதில்லை; வேகம் மட்டும் மிகவும் குறைக்கப்படும். வட்ஸ்அப் செய்தி போகும், காணொளி சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கோளாறு என்று எண்ணி ஒரு முழு மாலையைச் செலவிட வேண்டாம்.

2. இரண்டு நாள் எதையும் தொடாமல் குறிப்பெடுங்கள்

புதிதாகச் செய்பவர்களுக்கு மிகக் கடினமான படி இதுதான். கை சும்மா இருக்காது. ஆனாலும் இரண்டு நாள் பொறுங்கள்.

ஒவ்வொரு முறை அறும்போதும் மூன்று விடயங்களை எழுதுங்கள்: நேரம், அந்த வேளையில் ரௌட்டரில் எந்த விளக்குகள் எரிந்தன, வீட்டில் எல்லோருக்கும் போனதா அல்லது ஒருவருக்கு மட்டுமா. தானாக வந்ததென்றால் எத்தனை நிமிடத்தில் வந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் குறிப்பு ஏன் தேவை என்பதற்கு எங்கள் மேல்மாடி அன்ரியின் வீடே சாட்சி. ரொறன்ரோவில் இருக்கும் மகளுடன் பேசும்போது அழைப்பு அறுந்துகொண்டே இருந்தது. "தம்பி, புதிது ஒன்று வாங்கிவிடட்டுமா?" என்று கேட்டார். வாங்க வேண்டாம், நேரத்தை எழுதுங்கள் என்று சொன்னேன். பேரனின் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் அழகாக எழுதியிருந்தார்: 6.40, 7.15, 7.50, 8.20. ஏறத்தாழ அரை மணிக்கு ஒரு முறை. ஒழுங்கான இடைவெளி என்றால் அதற்குப் பின்னால் ஒழுங்காக இயங்கும் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும்.

அன்று மாலை ரௌட்டருக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். குசினிப் பக்கத்தில் குளிர்சாதனப்பெட்டியின் கம்ப்ரசர் 'டக்' என்று தொடங்கியது. அதே நொடியில் ரௌட்டரின் எல்லா விளக்குகளும் ஒன்றாக அணைந்தன. பிறகு ஒன்று, அடுத்து இரண்டு என்று மெல்ல மெல்ல எரியத் தொடங்கின. இரண்டும் ஒரே மல்டி பிளக்கில் இருந்தன. கம்ப்ரசர் தொடங்கும்போது ஒரு கணம் மின்னழுத்தம் இறங்குகிறது. நல்ல அடப்டர் அதைத் தாங்கிக்கொள்ளும், அன்ரி வீட்டில் இருந்த களைத்துப்போன அடப்டரால் முடியவில்லை. அதே அளவுள்ள வேறொரு அடப்டரைப் போட்டதும் அந்தப் பிரச்சினை தீர்ந்தது. புதிய ரௌட்டர் வாங்க வேண்டியே வரவில்லை.

3. விளக்குகளையும் 'அப்டைம்' எண்ணையும் படியுங்கள்

ஃபைபர் இணைப்பு என்றால் ரௌட்டரில் பி.ஓ.என், எல்.ஓ.எஸ் என்று இரண்டு விளக்குகள் இருக்கும். பி.ஓ.என் அசையாமல் பச்சையாக எரிந்தால் உங்கள் பெட்டி நிறுவனத்தின் நிலையத்துடன் பேசிக்கொண்டிருக்கிறது. அது விட்டுவிட்டு எரிந்தால் இணைய முயன்றுகொண்டிருக்கிறது. எல்.ஓ.எஸ் சிவப்பாக எரிந்தால் கேபிள் வழியாக ஒளி வரவில்லை அல்லது போதிய அளவு வரவில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது வைஃபை அமைப்பில் எதை மாற்றியும் பயனில்லை. நேரே 6ஆம் படிக்குப் போங்கள்.

பி.ஓ.என் சரியாக இருந்து 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் அணைந்திருந்தால் அல்லது சிவப்பாக இருந்தால் கேபிள் நன்றாக இருக்கிறது. கணக்கு உள்நுழைவிலோ நிறுவனத்தின் பக்கத்திலோ தடை இருக்கிறது.

எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் அணைந்து திரும்ப வந்தால் அது பெரும்பாலும் மின்சாரப் பிரச்சினை. எல்லா விளக்குகளும் ஒழுங்காக எரியும்போதே இணையம் இல்லையென்றால் வைஃபையையோ டிஎன்எஸ்-ஐயோ (இணையத்தளத்தின் பெயரை எண்ணாக மாற்றும் சேவை) சந்தேகியுங்கள்.

நீங்கள் எப்போதும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது. அதற்குத்தான் 'அப்டைம்'. ரௌட்டரின் முகவரியை உலாவியில் தட்டி உள்ளே போனால், நிலைமையைக் காட்டும் பக்கத்தில் பெட்டி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று இருக்கும். பலவற்றில் இணைய இணைப்பு எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதும் தனியாகத் தெரியும்.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் படியுங்கள். யாரும் அணைக்காதபோதும் பெட்டியின் எண் வெறும் மூன்று மணித்தியாலத்தைக் காட்டினால், பெட்டி தானாக அணைந்து எழுந்திருக்கிறது: அடப்டர், சூடு அல்லது பெட்டியே. பெட்டி பன்னிரண்டு நாளாக ஓடுகிறது, இணைய இணைப்பு மட்டும் இருபது நிமிடம்தான் என்றால் குற்றம் வெளியிலிருந்து வரும் பாதையில். இரண்டும் பல நாள் என்றால் வெளியில் எதுவும் அறவில்லை. உங்கள் வைஃபையைப் பாருங்கள். இந்த ஒரு பக்கம் தருகிற தெளிவை வேறெந்தச் சோதனையும் இவ்வளவு விரைவில் தருவதில்லை. ரௌட்டரை அணைத்துப் போட்டால் இந்த எண்கள் அழிந்துவிடும். முதலில் தொடாதீர்கள் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

4. மின்சாரத்தைச் சரிபாருங்கள்

மற்ற எல்லாச் சோதனைகளும் பெட்டிக்கு நிலையான மின்சாரம் கிடைக்கிறது என்ற நம்பிக்கையின் மேல்தான் நிற்கின்றன. ஆகவே இது முதலில்.

அடப்டரில் எழுதியிருப்பதையும் ரௌட்டரின் தாளில் எழுதியிருப்பதையும் ஒப்பிடுங்கள். வோல்ட் அளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அம்பியர் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. 12 வோல்ட் 1.5 அம்பியர் கேட்கும் பெட்டிக்கு 12 வோல்ட் 2 அம்பியர் அடப்டரைப் போடலாம். 12 வோல்ட் 1 அம்பியர் போட்டால் எல்லாம் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். நாலு பேர் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கத் தொடங்கும்போது பெட்டி அணைந்து எழும். முனை உள்ளே சரியாகப் பொருந்துகிறதா, நடு முனை நேர்மறையா என்று காட்டும் சிறு படம் இரண்டிலும் ஒன்றா என்பதையும் பாருங்கள்.

மின்னழுத்தம் அளக்கும் மீற்றரை வைத்து அடப்டரின் வோல்ட்டை அளந்து, 12 காட்டுகிறது, ஆகவே நல்லது என்று முடிவு செய்வது பலரும் செய்யும் தவறு. எதுவும் பொருத்தாமல் அளந்தால் பழுதான அடப்டரும் 12 காட்டும். சுமை ஏறும்போதுதான் அது விழும். நம்பகமான சோதனை, அதே அளவுள்ள வேறோர் அடப்டரை இரண்டு நாளுக்கு இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதுதான்.

மின்சாரம் போனாலும் ரௌட்டரை ஓடவைக்கும் மினி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். 2022இல் மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு 13 மணித்தியாலம்வரை போன காலத்திலும் அதன் பின்னரும் இங்கே பல வீடுகளுக்கு இந்தச் சிறு பெட்டி வந்துசேர்ந்தது. உள்ளே இருப்பவை லித்தியம் கலங்கள். அன்றைக்கு வாங்கியவை இன்று களைத்திருக்கும். மின்சாரம் போகும் கணத்திலோ வரும் கணத்திலோ ரௌட்டர் அணைந்து எழுகிறது என்றால், மினி யூபிஎஸ்-ஐ இடையிலிருந்து எடுத்துவிட்டு அடப்டரை நேரே ரௌட்டரில் பொருத்தி இரண்டு நாள் விடுங்கள். கோளாறு நின்றால் குற்றவாளி அதுதான். பெட்டி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், உடனே கழற்றிவிடுங்கள். உப்பிய லித்தியம் கலம் தீப்பிடிக்கக்கூடியது.

சூட்டையும் இங்கேயே பார்த்துவிடலாம். ஷோகேஸ் அலுமாரிக்குள், தொலைக்காட்சியின் பின்னால், துணி மூடிய மேசையில் வைத்த ரௌட்டர்களை அடிக்கடி காண்கிறேன். கொழும்பின் வெக்கையில் மூடிய இடத்தில் அது தன் சூட்டைத் தானே வாங்கிக்கொள்கிறது. பிற்பகலில் மட்டும் அறுகிறது, இரவில் இல்லை என்று உங்கள் கொப்பி சொன்னால் பெட்டியைத் திறந்த தட்டுக்கு மாற்றுங்கள். காற்றுத் துளைகளில் எறும்பு குடியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெதுவெதுப்பான இடம் அவற்றுக்கு மிகவும் பிடிக்கும்.

5. வயரில் ஒரு கணினியைப் பொருத்தி, வீட்டுக்குள்ளா வெளியிலா என்று பிரியுங்கள்

மடிக்கணினியை லேன் கேபிளால் ரௌட்டரில் பொருத்துங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதை மறப்பவர்கள் பலர். அணைக்காவிட்டால் எந்த வழியாகப் போகிறது என்றே தெரியாது.

விண்டோஸ் கணினியில் கட்டளைச் சாளரம் இரண்டைத் திறந்து, ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று கேட்கும் 'பிங்' கட்டளையை இரண்டிலும் நிற்காமல் ஓடவிடுங்கள். முகவரியின் பின்னால் ஒரு இடைவெளி விட்டு சிறுகோடும் 't' என்ற ஆங்கில எழுத்தும் (-t) சேர்த்தால் அது ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு சாளரத்தில் ரௌட்டரின் முகவரி, மற்றதில் கூகிளின் 8.8.8.8. முதலாவது வீட்டுக்குள்ளே உள்ள பாதையைச் சோதிக்கிறது, இரண்டாவது வெளியுலகத்தை.

முதலாவதில் பதில் ஒரு மில்லிசெக்கனுக்குள் வந்துகொண்டே இருக்க வேண்டும். அதுவே நின்றால் பெட்டி அல்லது கேபிள். முதலாவது ஓடும்போது இரண்டாவது நின்றால் வெளிப் பாதை. இரண்டும் ஓடும்போதே இணையத்தளங்கள் திறக்காவிட்டால் டிஎன்எஸ் தடுமாறுகிறது. ரௌட்டரின் அமைப்பில் டிஎன்எஸ் முகவரியாக 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் கொடுத்துப் பாருங்கள். வயரில் எல்லாம் ஒழுங்காக ஓடும் வேளையில் கைத்தொலைபேசியில் மட்டும் அறுகிறது என்றால் வைஃபை.

ஒரு மணித்தியாலமாவது ஓடவிடுங்கள். உங்கள் கொப்பியில் அதிகம் அறுந்த நேரம் எதுவோ அந்த நேரத்தில் ஓடவிடுங்கள். காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு எல்லாம் நன்று என்று எழுந்துபோவதால்தான் கோளாறு மாதக்கணக்கில் நீள்கிறது.

கேபிளைப் பற்றி ஒரு குறிப்பு. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நாலு சோடி. எந்தச் சோடி என்பதைப் பொறுத்து, ஒன்று அறுந்தாலும் இணைப்பு வேலை செய்யலாம். ஆனால் வேகம் 1000 எம்பிபிஎஸ்-இலிருந்து 100க்கு இறங்கிவிடும். கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றினால் முனையின் உலோகம் பச்சைபிடிப்பதும் உண்டு. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

6. வெளியிலிருந்து வரும் பாதை

ஃபைபர் கேபிள் கண்ணாடி நார். அதற்கு மடிப்பு ஆகாது. சுவர்ப் பெட்டியிலிருந்து ரௌட்டர்வரை வருகிற மெல்லிய கேபிளைக் கண்ணால் தொடர்ந்து போங்கள்: கதவிடுக்கில் நசிகிறதா, அலுமாரியின் காலுக்கு அடியில் கிடக்கிறதா, மிஞ்சிய நீளத்தை இறுக்கிச் சுற்றி நூல் போட்டுக் கட்டியிருக்கிறதா? வளைவு ஒரு தேநீர்க் கோப்பையின் வாயளவுக்காவது அகலமாக இருக்கட்டும். இறுக்கமான வளைவில் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும்.

ஃபைபர் கேபிளின் பச்சை நிற முனையைத் தேவையில்லாமல் கழற்றாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத தூசு ஒட்டினாலே ஒளி மங்கும். கழற்ற நேர்ந்தால் முனையை விரலால் தொடவோ வாயால் ஊதவோ வேண்டாம், அதன் வாயைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே வருவது கண்ணுக்குப் புலப்படாத லேசர் ஒளி.

ரௌட்டரின் ஒளி நிலைப் பக்கத்தில் பெறும் ஒளியின் அளவு டிபிஎம் என்ற அலகில் இருக்கும். வழக்கமாக வீடுகளுக்கு வருகிற ஜிபொன் வகை இணைப்பில் பெட்டி படிக்கக்கூடிய எல்லை ஏறத்தாழ -27. அளவு -20 என்றால் நிம்மதி. -26 என்று காட்டினால் மழையிலோ காற்றிலோ கேபிள் சற்று அசைந்தாலும் அறும். அந்த எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். நிறுவனத்திடம் பேசும்போது அதைவிட வலுவான சான்று இல்லை.

பழைய செப்புத் தொலைபேசி வயரில் வரும் இணைப்பு என்றால் சோதனை எளிது. தொலைபேசியை எடுத்துக் காதில் வையுங்கள். இரைச்சல் கேட்டால், அல்லது எடுத்த உடனே இணையம் அறுந்தால், வடிகட்டியாக இருக்கும் சிறு பெட்டியோ வயரோ பழுது. எல்லாத் தொலைபேசிகளையும் கழற்றிவிட்டு ரௌட்டரை மட்டும் முதல் சுவர்த் துளையில் பொருத்திப் பாருங்கள்.

4ஜி ரௌட்டரில் பலர் கோடுகளை எண்ணி ஏமாறுகிறார்கள். கோடுகள் சமிக்ஞையின் பலத்தை மட்டும் காட்டும், தூய்மையைக் காட்டாது. உள்ளே போய் ஆர்எஸ்ஆர்பி (பலம்), எஸ்ஐஎன்ஆர் (தூய்மை) என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். முதலாவது -90க்கு மேலே, அதாவது -80 பக்கமாக இருந்தால் நல்ல பலம். -100க்குக் கீழே போனால் பலவீனம். இரண்டாவது 10க்கு மேல் இருந்தால் நன்று. பூச்சியத்தை நெருங்கினால் எத்தனை கோடு இருந்தும் இணைப்புத் தள்ளாடும். உயர்ந்த மாடிகளில் இது அடிக்கடி நடக்கிறது, ஏனென்றால் பல கோபுரங்களின் அலைகள் ஒன்றையொன்று இடறுகின்றன. பெட்டியை வீட்டின் வேறு பக்கத்து யன்னலுக்கு மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் பொறுத்து எண்ணைக் குறியுங்கள். கடல் பார்க்கும் யன்னலைவிடக் காலி வீதியை (கோல் ரோட்) பார்க்கும் யன்னல் நல்லதாக இருக்கலாம், மாறியும் இருக்கலாம், எண்தான் சொல்லும்.

7. வைஃபை

மின்சாரமும் வெளிப் பாதையும் சரி என்று தெரிந்த பிறகுதான் இங்கே வர வேண்டும்.

முதலில் இடம். ரௌட்டர் வீட்டின் வாசல் மூலையில், தரையோடு இருந்தால் அலையின் பாதி வெளிப் படிக்கட்டுக்குப் போகிறது. வீட்டின் நடுப்பகுதியில், தோளுயரத்துக்கு மேலே வையுங்கள். கம்பி போட்ட கொங்கிரீட் சுவர், குளிர்சாதனப்பெட்டி, பெரிய கண்ணாடி, மீன் தொட்டி ஆகியவற்றின் பின்னால் வைக்காதீர்கள். இவை அலையைத் தடுக்கும் அல்லது விழுங்கும்.

அடுத்தது அலைவரிசை. பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸிலும் 5 கிகாஹெர்ட்ஸிலும் பேசும். முதலாவது தூரம் போகும், ஆனால் நெரிசல். இரண்டாவது வேகமானது, ஆனால் இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தால் உங்கள் தொலைபேசி எதில் நிற்கிறது என்று தெரியாது. சோதிக்கும் நாட்களுக்காவது இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் கொடுங்கள். எந்த அறையில் எது அறுகிறது என்று அப்போதுதான் எழுத முடியும்.

தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ்தான் பெரிய தலைவலி. அதில் ஒன்றோடொன்று மோதாத சனல்கள், அதாவது அலைப் பாதைகள், மூன்றே: 1, 6, 11. எங்கள் வீட்டு வரவேற்பறையில் நின்று தேடினால் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் வருகின்றன. வைஃபை அலசும் இலவசச் செயலி ஒன்றைத் தொலைபேசியில் போட்டு, இந்த மூன்றில் எது குறைவாக நிரம்பியிருக்கிறது என்று பார்த்து அதைத் தேர்ந்தெடுங்கள். 3, 4, 8 போன்ற நடு எண்களை எடுத்து 'யாரும் இல்லாத இடம்' என்று மகிழ வேண்டாம். அங்கே இரண்டு பக்கத்து நெரிசலும் உங்கள் மேல் விழும். சனலின் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக வையுங்கள். 40 என்றால் வேகம் கூடும் என்று பலர் வைக்கிறார்கள். நெரிசலில் அது அகலமான லொறியை ஒழுங்கைக்குள் விடுவது போன்றது.

சமையல் நேரத்தில் மட்டும் அறுகிறதா? மைக்ரோவேவ் அடுப்பும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில்தான் இயங்குகிறது. 5க்கு மாறினால் தீரும்.

5 கிகாஹெர்ட்ஸில் சனல் 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றைக் கையால் தெரிவுசெய்யுங்கள். 52இலிருந்து 144வரை உள்ளவற்றில் ரௌட்டர் ராடார் அலையைக் கேட்டதாக நினைத்தால் உடனே சனலை விட்டு விலக வேண்டும் என்பது விதி. புதிய சனலில் பேசத் தொடங்குமுன் ஒரு நிமிடமாவது காத்திருந்து கேட்கவும் வேண்டியிருக்கலாம். 'திடீரென்று வைஃபை பெயரே காணாமல் போய், சற்று நேரத்தில் வருகிறது' என்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும்.

பின்னறைக்கு அலை போகவில்லை என்று, அலையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் வாங்குபவர்கள் அதை அந்தப் பின்னறையிலேயே செருகுகிறார்கள். அலை வராத இடத்தில் நின்று அது எதைத் திரும்பச் சொல்லும்? நடுவழியில், அலை இன்னும் பலமாக இருக்கும் இடத்தில் செருகுங்கள். என் விருப்பம் ரிப்பீட்டர் அல்ல; முடிந்தால் ஒரு லேன் கேபிளை இழுத்து இரண்டாவது ரௌட்டரை வைப்பதுதான். அதற்கும் ஒரு முறை இருக்கிறது.

8. இரண்டாவது ரௌட்டரைச் சேர்க்கும்போது

கொட்டாஞ்சேனையில் உறவினர் வீடொன்றில் பாதித் தொலைபேசிகளுக்கு இணையம் இருந்தது, பாதிக்கு 'ஐபி முகவரி பெறுகிறது' என்றே நின்றது. மகன் பழைய ரௌட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இணைத்திருந்தார். இரண்டு பெட்டிகளுக்கும் முகவரி 192.168.1.1. இரண்டும் வீட்டில் உள்ளவர்களுக்கு முகவரி பங்கிட்டுக்கொண்டிருந்தன. ஒரு வீட்டுக்கு இரண்டு தபால்காரர்கள், ஆளுக்கொரு விதமாக இலக்கம் போட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது.

செய்ய வேண்டிய வரிசை இது. இரண்டாவது பெட்டியைத் தனியாக மடிக்கணினியில் மட்டும் பொருத்துங்கள். முதல் பெட்டி 192.168.1.1 என்றால் இதன் முகவரியை 192.168.1.2 ஆக மாற்றுங்கள். பிறகு அதில் முகவரி பங்கிடும் வசதியான டிஎச்சிபி-யை அணையுங்கள். முதல் பெட்டி பங்கிடும் முகவரிகளின் எல்லைக்குள் இந்த 192.168.1.2 வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறுதியாக முதல் பெட்டியின் லேன் துளையிலிருந்து இரண்டாவதின் லேன் துளைக்குக் கேபிளைச் செருகுங்கள். நிறம் வேறான இணையத் துளைக்கு அல்ல. டிஎச்சிபி-யை முதலில் அணைத்துவிட்டால் முகவரியை மாற்ற உள்ளே போவது சிரமமாகிவிடும். வரிசை முக்கியம்.

9. மாலையில் மட்டும் மந்தம்

எல்லோரும் வீடு திரும்பும் நேரம். தொலைபேசிகள் வைஃபையைக் கண்டதும் அன்றைய படங்களையும் காணொளிகளையும் மேலே அனுப்பத் தொடங்கும். மேலே போகும் பாதை நிரம்பினால் கீழே வருவதும் திணறும். பிள்ளையின் சூம் வகுப்பு உறைந்து நிற்கும். 5ஆம் படியில் சொன்ன பிங்கை ஓடவிட்டு, 8.8.8.8இன் பதில் நேரம் நூற்றுக்கணக்கான மில்லிசெக்கன்களுக்கு ஏறுகிறதா பாருங்கள். ஏறினால் ஒவ்வொரு தொலைபேசியாக வைஃபையிலிருந்து விலக்குங்கள். யாருடையதை விலக்கியதும் எண் இறங்குகிறதோ, அதில் படச் சேமிப்பை நள்ளிரவுக்குப் பின் மட்டும் நடக்கும்படி மாற்றிவிடலாம். எல்லாவற்றையும் விலக்கியும் எண் இறங்காவிட்டால் நெரிசல் உங்கள் வீட்டில் இல்லை.

10. மென்பொருளும் மீளமைப்பும்

இதுவரை வந்தும் பெட்டி தானாக உறைகிறது என்றால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

உள்ளே உள்ள எல்லா அமைப்புப் பக்கங்களையும், முக்கியமாக இணைய உள்நுழைவுப் பெயர் உள்ள பக்கத்தை, படமெடுங்கள். காப்புக் கோப்பு எடுக்கும் வசதி இருந்தால் எடுங்கள். பிறகு மென்பொருளைப் புதுப்பியுங்கள். நிறுவனம் தந்த பெட்டியென்றால் அவர்களிடம் கேட்டே செய்யுங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போனால் பெட்டி எழும்பாமலே போகலாம். இடிமுழக்கம் கேட்கும் மாலையில் இதைத் தொடங்க வேண்டாம்.

துளைக்குள் ஊசியால் அழுத்துவது கடைசி. அது மறுதொடக்கம் அல்ல, எல்லாவற்றையும் அழிப்பது. பல பெட்டிகளில் நிறுவனம் பதித்த உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் அத்தோடு போய்விடும். அதுவரை விட்டுவிட்டு வந்த இணையம் அதன்பின் அறவே இராது, தொழில்நுட்பவியலாளர் வரும்வரை.

இடிமின்னல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மார்ச்–ஏப்ரலிலும் ஒக்டோபர்–நவம்பரிலும் பிற்பகல் இடி கொழும்பில் வழக்கம். வானம் கறுக்கும்போதே, இடி நெருங்கும் முன், அடப்டரையும் செப்புத் தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். ஃபைபர் மின்னலைக் கடத்தாது, அடப்டர் கடத்தும். மழைக்குப் பின் ஒரு லேன் துளை மட்டும் இறந்துபோன பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன். அதே கேபிளை அடுத்த துளையில் போட்டால் வேலை செய்யும்.

11. நிறுவனத்தை அழைக்கும்போது

'நெட் வேலை செய்யவில்லை' என்று தொடங்கினால், அணைத்துப் போடுங்கள் என்ற பதில் வரும். அதற்குப் பதிலாகக் கொப்பியைத் திறந்து வைத்துப் பேசுங்கள்: "மூன்று நாளில் பதினொரு முறை அறுந்தது, நேரங்கள் இவை, பெட்டி அணையவில்லை, எல்.ஓ.எஸ் சிவப்பு, பெறும் ஒளி -27, அடப்டரை மாற்றிப் பார்த்துவிட்டேன், வயரிலும் அதே நிலை." பேசுபவருக்கு உங்களை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழி இருக்காது.

முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கித் திகதியோடு எழுதுங்கள். திரும்பத் திரும்ப அழைத்தும் தீராவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு எழுதலாம். அங்கே இந்த இலக்கங்களும் திகதிகளும்தான் உதவும்.

நிறுவனத்திலிருந்து வீட்டுக்கு வரும் தம்பி கேபிளைச் சரிசெய்து முடித்ததும் உடனே வழியனுப்பிவிடாதீர்கள். ஒரு தேநீர் கொடுத்து, அவர் இருக்கும்போதே ஒளி அளவுப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். -27 இருந்த இடத்தில் -19 வந்திருக்கிறதா பாருங்கள். வந்திருந்தால் அந்த எண்ணையும் அன்றைய திகதியையும் கொப்பியில் எழுதி, கொப்பியை ரௌட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.